கடைக்குக் கையெழுத்து போடும் முன் நாலு வீட்டுப் படி ஏறினோம்: சுங்கை சிப்புட் அனுபவம்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கீழ்க்கடை வாடகைக்கு வந்தது. தம்பிக்கு அங்கே சுயசேவை டோபி, அதாவது வருகிறவர்களே மெஷினில் துணியைத் துவைத்து உலர்த்திக்கொள்ளும் கடை, போட ஆசை. முன்பணம், ஒயரிங், தண்ணீர், கேஸ், இயந்திரம் எல்லாம் சேர்த்தால் சின்னப் பணமில்லை. அரசாங்கத்தின் சிறுகடன் நிறுவனமான தெக்குனில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்புமி கடனுக்கும் மனு போடுவதாக இருந்தான். கையெழுத்து போடும் முன் முறையாக விசாரித்துவிடுவோம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன். தோட்டப்புற டவுன்களில் இதுபோல் விசாரித்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் போடுங்கள்.

கேள்வித்தாள் எதுவும் தயாரிக்கவில்லை. முதலில் எடுக்கவேண்டிய முடிவை ஒரு தாளில் எழுதினோம்: இந்தக் கடையை எடுப்பதா விடுவதா, எடுத்தால் துவைக்கிற மெஷின் எத்தனை, உலர்த்துகிற மெஷின் எத்தனை. அதற்குக் கீழே, எதைக் கேள்விப்பட்டால் நம் மனசு மாறும் என்றும் எழுதினோம். தம்பிக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் யாரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று பிற்பாடு காட்டிக்கொடுத்தது அந்தத் தாள்தான்.

அடுத்து, காசில்லாமல் கிடைப்பதை எடுத்தோம். புள்ளிவிவரத் துறையின் கவாசான்கு தளத்தில் லிந்தாங், ஜாலோங் என்று சட்டமன்றத் தொகுதி வாரியாகவே மக்கள் தொகை, வயது, இனம் எல்லாம் பார்க்கலாம். யார் இருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். அவர்கள் துணியை எங்கே காயப்போடுகிறார்கள் என்பது தெரியாது. அதற்கு வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவரைப் பிடித்தோம். எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம் அவர்தான். எந்த வீட்டு மெஷின் எதனால் கெடுகிறது என்று அவருக்கு அத்துப்படி. செம்பனை வெட்டுகிறவர் உடுப்பில் வரும் மண், தோத்தோவை (தரையில் விரித்துப் படுக்கும் மெத்தை) திணித்து எரிந்துபோன மோட்டார் என்று ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டார். நாங்களாக யோசித்திருந்தால் தோத்தோவைப் பற்றிக் கேட்கவே தோன்றியிருக்காது.

பிறகுதான் வீடுகள். "டோபி போட்டா வருவீங்களா?" என்று மட்டும் கேட்கக்கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நம் சனங்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். "கண்டிப்பா வரேன் தம்பி, நல்லா வரணும் நீங்க" என்று தேத்தண்ணியும் கொடுத்து அனுப்புவார்கள். நாங்கள் கேட்டது நடந்ததை: "கடைசியா துணி காயாம போனப்போ என்னாக்கா செஞ்சீங்க?"

தாமானில் (வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில்) ஓர் அக்கா எழுந்து எங்களைக் குசினிக்கே கூட்டிப்போனார். பின்பக்கத்தை இழுத்துக் கட்டியதில் வெயில் விழும் இடமே இல்லை. ஐஸ்பெட்டிக்குப் பின்னால், சூடு வரும் இடத்தில், பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஹேங்கரில் தொங்கியது. "ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆனா இதான் கத. தொவைக்கிறதுக்கு எங்கிட்ட மெஷின் இருக்கு தம்பி, காயவைக்கத்தான் வழியில்ல." வாசலோரத்தில் ஒரு பழைய வாளியில் அவர் வீட்டுக்காரரின் வேலை உடுப்பு தனியாக ஊறியது. அதை வீட்டு மெஷினிலேயே போடமாட்டாராம். அப்படியென்றால், அடுத்தவர் வேலை உடுப்பு போன மெஷினில் அவர் தன் பிள்ளையின் துணியைப் போடுவாரா? இந்தக் கேள்வி எங்கள் தாளில் கிடையாது. அங்கேயே நின்று எழுதிக்கொண்டோம். இந்த மாதிரி விசாரணையின் பலனே இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பக்கத்து டவுனில் ஓடுகிற டோபியிலும் போய் உட்கார்ந்து பார்த்தோம், சம்பளத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாகவேண்டும். அதனால் மாதத்தின் முதல் வாரம் பார்த்த ஊர், கடைசி வாரம் வேறு ஊர் மாதிரி இருக்கும். ஒரு வாரத்தை மட்டும் பார்த்துவிட்டு வியாபாரத்தை எடை போடாதீர்கள்.

தெலுக் இந்தான்காரர் ஒருவரின் பதில்

அண்ணே, நான் கோலாலம்பூரில் சந்தை ஆய்வு வேலையில் இருக்கிறேன், பிறந்தது தோட்டத்தில். குழு உரையாடல் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 6 முதல் 10 பேரை உட்காரவைத்துப் பேசவிடுவது பாடப்புத்தக முறை. நம் தோட்டங்களில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதைப் பார்க்காமல் அதைச் செய்யவே கூடாது. சமையல் பொருள் ஒன்றுக்காக நடந்த உரையாடலில் தண்டல் (தோட்டத்தில் வேலை வாங்கும் மேற்பார்வையாளர்) வீட்டம்மா முதலில் வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு மற்றவர்கள் எல்லாம் "ஆமாக்கா" மட்டும்தான். டீ குடிக்கும்போது ஒரு சின்னப்பெண் என் காதோரம் வந்து, "நாங்க அத வாங்குறதே இல்லக்கா" என்றாள். இப்போதெல்லாம் மாமியார்களையும் மருமகள்களையும்கூட நான் ஒன்றாக உட்காரவைப்பதில்லை. பணம், கடன், வீட்டுக் கஷ்டம் என்றால் தனித்தனியாகத்தான் பேசுவேன்.

கோல கங்சாரிலிருந்து ஒரு பதில்

எங்கப்பா மளிகைக் கடைக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் செய்ததில்லை. ஆனால் கடையை நான் எடுத்தபோது அவருடைய 555 கடன் நோட்டுகளை (கடனுக்குப் போன சாமானை எழுதிவைக்கும் சின்ன நோட்டுகள்) உட்கார்ந்து புரட்டினேன். எந்த வாரம் அரிசி பெரிய மூட்டையாகப் போகிறது, எந்த வாரம் கிலோ கணக்கில் போகிறது, யார் பால்மாவை நிறுத்திவிட்டார் என்று எல்லாம் அதிலேயே இருந்தது. வெளியே போய்க் கேட்கும் முன் வீட்டில் இருக்கும் கணக்கைப் பாருங்கள். அது சரி, எத்தனை வீடு ஏறினால் போதும்?

முதல் பதிவாளரின் பதில்

555 நோட்டு அருமையான யோசனைங்க. எத்தனை வீடு என்பதற்கு: கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களைப் பேட்டி கண்டதில், முதல் 12 பேட்டிகளுக்குள்ளேயே பெரும்பாலான விஷயங்கள் வந்துவிட்டன. அவர்கள் ஓரளவு ஒரே மாதிரியானவர்கள் என்பதைக் கவனியுங்கள். எங்கள் ஊரில் தாமான் குடும்பம், தோட்டத்து லயன் வீட்டுக் குடும்பம், கொங்சியில் (தொழிலாளர்கள் சேர்ந்து தங்கும் கொட்டகையில்) தங்கும் வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர் எல்லாம் வேறு வேறு ஆட்கள். அதனால் ஒவ்வொரு வகையிலும், புதிதாக ஒன்றும் வராத வரைக்கும் போனோம்.

ஆனால் இதை வைத்து "ஊரில் பாதிப் பேருக்கு உலர்த்தி வேண்டும்" என்று கடன் மனுவில் எழுதமுடியாது. தெரிந்தவர் மூலம் போன வீடுகள் இவை, ஊருக்கான கணக்கு இல்லை. எண்ணிக்கை வேண்டுமென்றால் அது அடுத்த கட்டம். தம்பி இப்போது பக்கத்து டவுன் டோபிக்காரரிடம் அனுமதி வாங்கி, துவைக்காமல் ஈரத்துணியோடு உலர்த்த மட்டும் வருகிறவர்களைத் தனியாகக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறான். கடைச் சொந்தக்காரரிடம் அடுத்த சம்பள வாரம் முடியும் வரை தவணை கேட்டிருக்கிறோம். கடை கிடைத்தால் உலர்த்திகள் அதிகம், தோத்தோ கொள்ளும் பெரிய மெஷின் ஒன்று, வேலை உடுப்புக்கு மட்டும் என்று எழுதி ஒட்டிய மெஷின் ஒன்று.