‘ஹாபி’ என்பதற்குப் ‘பொழுதுபோக்கு’ பொருந்துமா?

கேள்வி

ஆங்கிலத்தில் உள்ள ஓர் உறுப்பினர் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, ‘ஹாபி’ என்ற இடத்தில் வழக்கம்போலப் ‘பொழுதுபோக்கு’ என்று எழுதினேன். எழுதிய பிறகு மனம் ஒப்பவில்லை. பல ஆண்டுகளாக, மேகமில்லாத இரவுகளில் இருகண் நோக்கியுடன் மாடிக்குச் சென்று, ஒளி மாறும் விண்மீன்கள் சிலவற்றின் பொலிவை அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டுக் குறித்து வருகிறேன். இதையும் பொழுதுபோக்கு என்கிறோம், தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதையும் பொழுதுபோக்கு என்கிறோம். விரும்பி, முறையாக, ஊதியம் கருதாமல் செய்யும் ஒன்றுக்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறதா?

மறுமொழி 1

உங்கள் தயக்கத்துக்குக் காரணம் ‘போக்கு’ என்ற பகுதியில் இருக்கிறது. பசியைப் போக்குகிறோம், களைப்பைப் போக்குகிறோம், அழுக்கைப் போக்குகிறோம். வேண்டாத ஒன்றை விலக்குவதற்கே அந்த வினையைப் பெரிதும் பயன்படுத்துகிறோம் என்பதால், பொழுதும் விலக்கவேண்டிய சுமைகளில் ஒன்றாகிவிடுகிறது. சும்மா இருப்பவர் “பொழுது போகவில்லை” என்று அலுத்துக்கொள்கிறார். உங்களைப் போல ஒன்றில் மூழ்கியவரோ “பொழுது போனதே தெரியவில்லை” என்கிறார். முன்னவருக்குத் தேவைப்படுவதுதான் பொழுதுபோக்கு. பின்னவர் செய்வதற்கு அந்தப் பெயர் ஏறுமாறாகவே பொருந்துகிறது.

‘ஓய்வுநேரப் பணி’ என்று சிலர் எழுதுவதும் எனக்கு உவப்பில்லை. மழை ஓய்ந்தது, ஓடி ஓய்ந்தான் என்னும்போது நிற்பதையும் தளர்வதையும் குறிக்கும் சொல்லோடு ‘பணி’யை ஒட்டவைத்தால், அலுவலகம் வீடுவரை வந்துவிட்டது போலிருக்கிறது.

மறுமொழி 2

மேலே சொன்னது சுவையான ஆய்வு என்றாலும், சொற்பிறப்பைக் கொண்டு இன்றைய பொருளை அளக்கலாமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆங்கில ‘ஹாபி’யின் பிறப்பு மட்டும் அத்தனை மதிப்பானதா? சிறு குதிரையைக் குறித்த சொல், பிள்ளைகள் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஓடும் குச்சிக்குதிரைக்குப் பெயராகி, பிறகு ஒருவர் எந்நேரமும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விருப்பத்தைக் கேலியாகச் சுட்டி, கடைசியில்தான் இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. ஜெர்மன் மொழியின் ‘ஷ்டெக்கன்ப்ஃபேர்ட்’, பிரெஞ்சு மொழியின் ‘தாதா’ ஆகிய இரண்டும்கூட இதே விளையாட்டுக் குதிரைதான். குச்சிக்குதிரை மதிப்புப் பெற முடிந்தது என்றால் பொழுதுபோக்கும் பெறலாம்.

சற்றே விலகிச் சொல்கிறேன். ‘ஹாபி’ என்ற பெயரில் ஒரு சிறு வல்லூறும் உண்டு. அந்தப் பெயரின் வேர் வேறு. 1940களில் மேசைக் கால்பந்து விளையாட்டு ஒன்றை உருவாக்கிய பீட்டர் அடால்ஃப், அதற்கு ‘ஹாபி’ என்றே பெயரிட விரும்பினார். அதை வணிகப் பெயராகப் பதிய முடியாமல் போனதால், அந்தப் பறவையின் அறிவியல் பெயரிலிருந்து ‘சுப்யூட்டியோ’ என்பதை எடுத்துக்கொண்டார்.

மறுமொழி 3

செயலுக்குப் பெயர் தேடுகிறோம்; செய்பவருக்கு நல்ல பெயர் முன்பே இருக்கிறது. ஊதியம் கருதாமல் விரும்பிச் செய்பவரைக் குறிக்கும் ஆங்கில ‘அமெச்சூர்’ என்பது, அன்புசெலுத்துபவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. “அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்” என்ற குறளில் (71) ‘ஆர்வலர்’ என்பதும் அன்புடையவர் என்ற பொருளில்தான் வருகிறது. எனவே பறவை ஆர்வலர், வானியல் ஆர்வலர் என்று இன்று நாம் சொல்வது, யாரும் திட்டமிடாமலே மூலச்சொல்லின் உயிரைப் பிடித்திருக்கிறது. ‘பயில்முறை வானியலாளர்’ என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு அது இன்னும் தேர்ச்சி பெறாத பயிற்சியாளரை நினைவூட்டுகிறது. 1781இல் யுரேனசைக் கண்டறிந்தபோது வில்லியம் ஹெர்ஷலுக்குப் பிழைப்பு இசைத்தொழில்தான். அவரைப் பயில்முறைக்காரர் என்று சொல்ல நாக்கு எழுமா?

செயலுக்கு ‘ஈடுபாடு’ என்பதை ஓரளவு ஏற்கலாம். ஆனால் அது மனநிலையைச் சொல்லும் அளவுக்குக் கைவினையைச் சொல்வதில்லை. அரசியலில் ஈடுபாடு உள்ளவர் செய்தித்தாள் படிப்பதோடு நின்றுவிடலாம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ‘ஆர்வலர்’ என்ற சொல்லின் பழமை எனக்குப் புதிய செய்தி. பெயர்ச்சொல்லைத் தேடியதில்தான் இடறினேன் என்று இப்போது தோன்றுகிறது, படிவத்தில் “ஓய்வில் விரும்பிச் செய்வது என்ன?” என்று வினையாகவே கேட்டுவிடப் போகிறேன். தொடர் பார்ப்பவர் அதை எழுதட்டும், நான் விண்மீன் நோக்குவதை எழுதுகிறேன்.

மறுமொழி 2

நல்ல தீர்வு. ‘ஹாபி’ என்ற ஒற்றைச் சொல்லுக்காக வரைந்த கட்டத்தில் அந்தக் கேள்வி அடங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.