'அல்கா மலர்ச்சி'யா, 'அல்காப்பெருக்கா'?

அண்ணன், தண்ணியில வளர்ற நுண்ணிய அல்கா திடீரெண்டு கூடிக் குளம் பச்சையாகிறத்த இங்கிலீசுல 'algal bloom' எண்டுவாங்க, அதுக்கு நீங்க 'அல்கா மலர்ச்சி' எண்டு தமிழ் போட்டிருந்தீங்க. நீங்க சொன்ன மத்ததெல்லாம் சரி, அந்தச் சொல் ஒண்டுதான் எனக்கு மனம் ஒப்பல்ல. மலர்ச்சி எண்டாப் பூதானே. நம்மட கிட்டங்கி ஆத்த அடைச்சிக் கிடக்கிற ஆற்றுவாழை ஊதாப் பூ பூக்கும், சல்பீனியா பன்னம், அது பூக்காது, அல்காவும் பூக்காது. போன தவணை வகுப்புல பிள்ளையொண்டு எழும்பி "சேர், அல்கா என்ன நிறத்துல பூக்கும்" எண்டு கேட்டிச்சு. பிழை பிள்ளையிட இல்ல, நாம குடுத்த சொல்லுல.

காத்தில்லாத விடியக்காலையில குளத்துக் கரையில பச்சைப் பெயின்ட ஊத்தின மாதிரிக் கிடக்கும். ஒருநாள் ஒரு போத்தல்ல அள்ளி வந்து மேசையில வச்சன், கொஞ்ச நேரத்துல பச்சையெல்லாம் மேல வந்து கழுத்துல வளையமா நிண்டிச்சு, கீழ தண்ணி தெளிஞ்சிட்டு. அது மைக்ரோசிஸ்டிஸ் எண்ட நீலப்பச்சை அல்கா, கலத்துக்குள்ள காத்துப்பை இரிக்கிறதால மிதக்குது. வயலுக்கு எறியிற யூரியா, ரீஎஸ்பி உரமெல்லாம் மழைத்தண்ணியோட குளத்துல சேந்து வெயிலும் ஏறினா மளமளவெண்டு கூடிரும், பிறகு செத்து அழுகக்குள்ள ஒட்சிசன் இறங்கி விடியப்பறம் மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடும். ஈரலத் தாக்குற நஞ்சும் விடக்கூடும், தண்ணியக் கொதிக்க வச்சாலும் அது போகாது. இதுக்கு மலர்ச்சி எண்டு எப்பிடிச் சொல்லுற?

'பெருக்கம்' போதாதா எண்டு தங்கச்சி கேட்டிருந்தா. சனத்தொகை மெல்ல மெல்லக் கூடினாலும் பெருக்கம்தான். 'பெருக்கு' வேற, வெள்ளப்பெருக்கு மாதிரித் திடீரெண்டு வரும், கரைய மூடும், வத்தும். அதான் 'அல்காப்பெருக்கு' எண்டு சொல்லுறன். 'பாசிப்பெருக்கு' கேக்க நல்லா இரிக்கு, ஆனா கிணத்துக் கட்டுல வழுக்கிறதும் நமக்குப் பாசி, வலையில சுத்துற ஹைட்ரில்லாவும் பாசி, அது பூக்கிற தாவரம் வேற. நீலப்பச்சை அல்கா உண்மையில பற்றீரியா எண்டு ஆரும் கேட்டா 'சயனோபற்றீரியாப் பெருக்கு' எண்டும் சொல்லலாம், பெருக்கு அங்கயும் பொருந்தும்.

தண்ணியில இப்பிடி உரச்சத்து அளவுக்கு மிஞ்சிச் சேருறதுக்கு வச்சிரிக்கிற 'நற்போசணையாக்கம்' (eutrophication) எண்ட சொல்லும் இப்பிடித்தான், 'நல்' எண்டு தொடங்கிறதால பிள்ளையள் அத நல்ல விசயம் எண்டு எழுதிப் புள்ளிய இழக்குதுகள். அதுக்கு 'போசணை மிகுதல்' எண்டு வைப்பமா?

குளக்கட்டுல ஒரு போட் நடுறதா நினைச்சுப் பாருங்க: 'அல்காப்பெருக்கு. தண்ணீர் அள்ள வேண்டாம்.' மாடு சாய்ச்சிட்டு வாற ஆளும் வாசிச்சவுடனே விளங்கிக்குவார்.