தனி டம்ளர் பற்றிச் சொல்ல முடிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஈரோட்டில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் இனப் பாகுபாடு பற்றி ஒரு பாடம். 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கமெரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், அதன்பின் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்தது எல்லாம் படித்தோம். கோபமாக வந்தது. அப்புறம் பேராசிரியர், "உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள்?" என்று கேட்டார்.

அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு மாட்டுச்சாளை ஞாபகம் வந்தது. ஓட்டுக்கடியில் செருகிய, விளிம்பு நசுங்கிய அலுமினிய டம்ளர். தோட்டத்து வேலைக்கு வருகிறவர் அதை அவரே கழுவி நீட்டுவார். அம்மிச்சி மேலிருந்து காபி ஊற்றுவார். அந்த வேலைக்காரர் என் அப்பாவைவிட மூத்தவர். நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இத்தனை வருடம் அது தப்பென்று எனக்குத் தோன்றவே இல்லை.

கோபி, காங்கயம், தாராபுரம் பக்கம் டீக்கடைகளில் சாதி பார்த்துத் தனி டம்ளர் வைக்கும் இரட்டைக் குவளை வழக்கம் எப்படி நின்றுபோனது, யார் எதிர்த்து நின்றார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அனுபவித்தவர்கள் விருப்பம் இருந்தால் மட்டும் பேசினால் போதும். பெயரும் ஊரும் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நேரிலேயே வருகிறேன்.