பொருளியல் முனைவர்கள்: வெளியே அனுப்புவதா, உள்ளூரில் உருவாக்குவதா?

கடைசிபெஞ்ச்:
வளரும் நாடுகள் சொந்தமாகப் பொருளியல் முனைவர் படிப்பு நடத்துவது வீண்வேலை. துறையில் இருப்பதே மூன்று பேர். எகனாமெட்ரிக்ஸ் (பொருளியலுக்கான புள்ளியியல் முறைகள்) எடுப்பவர் விடுப்பில் போனால் பாடமே நின்றுவிடும். உதவித்தொகை கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புங்கள், போதும்.

நீலமலர்:
அந்த மூன்று பேர் சிக்கலுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். நைரோபியில் 1988-ல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பொருளாதார ஆய்வுக் கூட்டமைப்பு, 1993-ல் கூட்டு முதுகலைப் படிப்பைக் கொண்டுவந்தது. அடிப்படைப் பாடங்களை அவரவர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, விருப்பப் பாடங்களுக்கு பல நாட்டு மாணவர்களும் ஓரிடத்தில் கூடுவார்கள். ஒரு துறையில் இரண்டே பேர் கேட்கும் பாடத்துக்கு யார் ஆசிரியர் போடுவார்? பல துறைகள் சேர்ந்தால் வகுப்பு நிறைகிறது. 2002-ல் முனைவர் படிப்பும் வந்தது.

கடைசிபெஞ்ச்:
பெரும்பகுதி நன்கொடைப் பணம். கொடுப்பவர் கையை விரித்தால்?

நீலமலர்:
சரி, அது பலவீனம்தான். ஆனால் உங்கள் வழிக்கும் விலை உண்டு. சிலியில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1956-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு மாணவர்களை அனுப்பியது. திரும்பியவர்களில் பலர் அங்கேயே ஆசிரியர் ஆனார்கள். 1973-ல் ராணுவ ஆட்சி வந்தபின் சிகாகோவில் கற்ற தடையற்ற சந்தை என்ற அந்த ஒரே சிந்தனைதான் நாட்டின் கொள்கையாகவும் ஆனது.

கடைசிபெஞ்ச்:
எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்! வேலை காத்திருந்தது, திரும்பினார்கள். கொள்கை பிடிக்கவில்லை என்பது வேறு வழக்கு.

நீலமலர்:
ஒரே ஊரில் படித்தவர்களை வைத்து ஒரு துறையை நிரப்பினால் மறுத்துப் பேச ஆள் எங்கே கிடைக்கும்? வேறு வழக்கு இல்லை, இதே வழக்குதான்.

தூசிக்கோப்பு:
இருவரும் ஆசிரியரையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். தரவு? என் முனைவர் ஆய்வுக்குக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் மூலத்தரவு கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஒன்றரை வருடம் நடந்தேன். கடைசியில் அதே கோப்பை வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பினார். சிரிப்பதா அழுவதா? புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகத்தைப் பாருங்கள். 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியபோது அதை வடிவமைத்த கையும் பாடம் நடத்திய கையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

கடைசிபெஞ்ச்:
அப்படியென்றால் வெளியே போனவருக்குத்தான் கோப்பு கிடைக்கிறது. நான் சொன்னதும் அதுதானே?

தூசிக்கோப்பு:
இல்லை சார். உள்ளூரில் கேட்க ஒரே ஓர் ஆள் இருந்தால் அலையவிடுவார்கள். வருடத்துக்கு முப்பது பேர் வாசலில் நின்றால் கோப்பைக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.