கார்னரா, கவரா? பிடி ஆட்களை எடைபோடத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மூக்கையூர் கரை:

வணக்கம். சாயல்குடிக்குத் தெற்கே கடலோர ஊர் எங்களுடையது, ஊர்க் கபடி அணியைப் பதினோரு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கரையில் நிற்பதால் பையன்கள் எல்லாரும் ஊரில் இருக்கிறார்கள், தினமும் சாயங்காலம் ஆட்டம் நடக்கிறது. அதில் இரண்டு பேர் கல்லூரி அணிக்கும் ஆடுகிறவர்கள். ஒருவன் இடது கார்னர் (ஓரத்தில் நின்று பிடிப்பவன்), இன்னொருவன் வலது கவர் (ஓரத்துக்கு உள்பக்கம் நின்று பிடிப்பவன்). ப்ரோ கபடி ஏலம் வருவதற்குள் புதுப் பையன்களைப் பார்க்கச் சென்னையில் ஒரு முகாம் வைக்கிறார்களாம். எங்களிடம் ஒரே ஒரு பெயரும் மூன்று ஆட்டத்தின் வீடியோவும் கேட்டிருக்கிறார்கள்.

கடைசி ஐந்து ஆட்டத்தில் கார்னர் பையன் ஆளைப் பிடித்து எடுத்த டேக்கிள் பாயிண்ட் 22, கவர் பையன் 9. ஊரில் எல்லாரும் கார்னரைத்தான் அனுப்பச் சொல்கிறார்கள், என் மைத்துனர் உட்பட. ஆனால் போன மாதம் கவர் பையன் கணுக்கால் பிசகி உட்கார்ந்த ஒரு ஆட்டத்தில் நாங்கள் மூன்று முறை லோனா கொடுத்து (அணி முழுவதும் அவுட்டாகி) தோற்றோம். அதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பாடிப் போகிற ரெய்டர் என்றால் பாயிண்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம், பிடிக்கிற ஆளை எதை வைத்துப் பார்ப்பது?

உச்சிப்புளி கவர்:

அண்ணே, நானும் கவர் ஆடியவன், பல்கலைக்கழக அணி வரைக்கும் போனேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில் அந்த 22-ஐ ஓரமாக வையுங்கள். எத்தனை முறை போய் 22 எடுத்தான் என்று உங்கள் நோட்டில் இருக்கிறதா? பிடி தவறினால் எதிரிக்கு ஒரு பாயிண்ட், நம் ஆளும் வெளியே. கூடப் பாய்ந்தவன் மேல் கை பட்டிருந்தால் அவனும் வெளியே. வெளியே போனவன் திரும்பி வருவதற்கு நம் பக்கம் யாராவது பாயிண்ட் எடுக்க வேண்டும், அதுவரை மேட்டில் (ஆட்ட விரிப்பில்) ஆறு பேர், ஐந்து பேர் என்று குறைந்துகொண்டே போகும். அதனால் 20 முறை பாய்ந்து 10 பிடித்தவனைவிட 8 முறை போய் 6 பிடித்தவனை நான் எடுப்பேன்.

இன்னொன்று, கார்னர் கணுக்காலைப் பிடித்துவிட்டால் மட்டும் ரெய்டர் நின்றுவிட மாட்டான், நல்ல ரெய்டர் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். அந்தக் கோட்டுக்கும் ரெய்டருக்கும் நடுவில் உடம்பைக் கொண்டுவந்து வைப்பது கவர். பாயிண்ட் முதலில் பிடித்தவன் கணக்கில் ஏறும், வழியை அடைத்தவன் பெயர் எங்கும் வராது. கரைவலை இழுத்தவர்களுக்கு இது புரியும், வலை கரைக்கு வரும்போது எல்லாரும் மீன் சேரும் மடியைத்தான் பார்ப்பார்கள், ஓரக் கயிற்றைத் தளரவிடாமல் நின்றவனை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வீடியோவை மறுபடியும் போட்டு, ரெய்டரைப் பார்க்காமல் உங்கள் கவர் பையனின் இடுப்பையும் காலையும் மட்டும் பாருங்கள். அவன் பக்கம் வந்த ரெய்டு எத்தனை பாயிண்ட் இல்லாத வெறும் ரெய்டாகத் திரும்பியது, ரெய்டர் நம் களத்துக்குள் இருக்கும் பாக் கோட்டைத் தாண்டியதும் அந்தப் பக்கம் போக விருப்பமில்லாமல் எதிர்ப்பக்கம் திரும்பினானா, இதையெல்லாம் எண்ணுங்கள். தொடர்ந்து இரண்டு வெறும் ரெய்டு வந்தால் மூன்றாவது டூ ஆர் டை. அதில் ரெய்டர் வந்தே ஆக வேண்டும், பாயிண்ட் இல்லாமல் திரும்பினால் அவன் அவுட். அந்த நிலைக்கு எதிரியைத் தள்ளியவனுக்கு ஒரு பாயிண்டும் எழுத மாட்டார்கள்.

நம் தஞ்சாவூர் மாவட்டத்துச் சேரலாதன் அண்ணனை நினைத்துப் பாருங்கள். வலது கார்னர், 2016-ல் பாட்னா பைரட்ஸ் கோப்பை எடுத்தபோது கேப்டன், 2019-ல் 44 வயதிலும் ப்ரோ கபடி ஆடினார். அந்த வயதில் வேகத்தை வைத்தா பிடித்திருப்பார்? எப்போது போகக்கூடாது என்று தெரிந்ததுதான் அவரைக் களத்தில் நிலைக்க வைத்தது.

தேவிபட்டினம் ஏழு:

மேலே சொன்னது சரிதான், ஆனால் முகாமில் நடப்பது வேறு. என் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு முகாமுக்குப் போயிருக்கிறேன். காலையில் எடை, உயரம் எடுத்தார்கள், அப்புறம் ஒருவருக்கொருவர் தெரியாத பையன்களைக் கலந்துவிட்டுப் பத்து நிமிட ஆட்டம். அந்தப் பத்து நிமிடத்தில் வெறும் ரெய்டை யார் எண்ணுகிறார்கள்? பாய்ந்து ஒரு கணுக்கால் பிடி போட்டவன் பெயரைத்தான் குறித்துக்கொண்டார்கள். கவர் ஆட்டம் பக்கத்தில் நிற்கிற கார்னரை நம்பி ஆடுவது, தெரியாத ஆளோடு கைகோத்துச் செயின் போட்டு நின்றால் அவன் திறமை பாதிகூட வெளியே வராது.

ப்ரோ கபடி ஏலத்தில் பணமும் கார்னருக்குத்தான் போகிறது. ஃபசல் அத்ராசலி 2018-ல் 1 கோடி, ஷாத்லூயி 2023-ல் 2.35 கோடி, இரண்டு பேரும் இடது கார்னரில் நிற்கிறவர்கள். ஒரே சீசனில் 100 டேக்கிள் பாயிண்ட் எடுத்த நிதேஷ் குமாரும் வலது கார்னர். ஏலத்தின் கடைசி டி பிரிவுக்கே அடிப்படை விலை 9 லட்சம் என்னும்போது ஒரு மீனவக் குடும்பத்துக்கு அது என்ன மாதிரியான தொகை என்று உங்களுக்கே தெரியும். வாய்ப்பு அதிகம் உள்ளவனை அனுப்புங்கள், நியாயத்தை அப்புறம் பார்க்கலாம்.

பி.டி. டீச்சர், ராமநாதபுரம்:

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இந்தப் பையன்கள் எங்கே ஆடுகிறார்கள்? கடற்கரை மணலில்தானே? மணலில் ரெய்டரின் கால் புதையும், உதைத்துத் திரும்ப முடியாது, அதனால் கணுக்கால் பிடி சுலபமாக விழும். மேட்டில் ஷூ போட்டு வருகிற ரெய்டர் ஒரே மிதியில் திரும்பிவிடுவான். மணலில் பிடித்துப் பிடித்துப் பாயிண்ட் சேர்த்த கார்னர்கள் மேட்டுக்கு வந்ததும் அரை நொடி பிந்தி, காலுக்குப் பதிலாகக் காற்றைப் பிடிப்பதை நான் வருடாவருடம் பார்க்கிறேன். மனசு வலிக்கும், ஏனென்றால் பையனிடம் குறை ஒன்றும் இருக்காது.

அதனால் ஐயா, மேட்டில் ஆடிய வீடியோ மட்டும் அனுப்புங்கள். கவர் பையனின் எடை என்ன? மேல் வரம்பு 85 கிலோ. 65 கிலோவில் டேஷ் அடித்தால் (உடம்பால் மோதித் தள்ளினால்) பெரிய ரெய்டர் அசைய மாட்டான், கார்னருக்கு அந்த எடை போதும், கவருக்குப் போதாது. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது இருவரும் என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். அந்த நேரத்தில் பிடித்தால் சூப்பர் டேக்கிள், 2 பாயிண்ட். அந்த ஆசையில் முந்திப்போகிறவன் யார், ரெய்டரை உள்ளே வரவிட்டுப் பிடிக்கிறவன் யார் என்று தெரிந்துவிடும். அந்தக் கணுக்கால் முழுதாகக் குணமாகிவிட்டதா? அது ஆறாமல் எங்கேயும் அனுப்பாதீர்கள்.

மூக்கையூர் கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து மேட்டில் ஆடிய மூன்று ஆட்டத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், முடிக்க இரண்டு மணி ஆகிவிட்டது. கார்னர் பையன் 31 முறை போயிருக்கிறான், 14 பிடித்திருக்கிறான், 17 தவறியிருக்கிறான். அந்த 14-ல் 9 பிடியில் கவர் பையன் வந்து வழியை அடைத்திருக்கிறான், நான் அதை இதுவரை பார்த்ததே இல்லை. கவர் பையன் தானாகப் போனது 9 முறை, 6 பிடித்திருக்கிறான். கடைசிப் பத்து நிமிடத்தில் அவன் பக்கம் ரெய்டர்கள் வருவதையே குறைத்துவிட்டார்கள்.

எடை 74. கணுக்கால் ஆறி மூன்று வாரம் ஆகிறது, ஓடுகிறான், குதிக்கிறான், வலி இல்லை என்கிறான்.

தேவிபட்டினம் தம்பி சொன்னதுதான் இப்போது உறுத்துகிறது. தெரியாத ஆட்களோடு பத்து நிமிடம் ஆடவிட்டால் இவன் என்ன காட்டுவான்?

உச்சிப்புளி கவர்:

அண்ணே, அதற்கு ஒரு வழி இருக்கிறது. முகாமில் மேட்டில் ஏறியதும் பக்கத்தில் நிற்கிற கார்னரிடம் போய், "நீ காலைப் பிடி, நான் கோட்டுப் பக்கம் வருகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரெய்டுக்கும் சத்தமாகப் பேசிக்கொண்டே ஆட வேண்டும். ஆட்டம் தெரிந்த பயிற்சியாளர் அதைக் கட்டாயம் கவனிப்பார். வீடியோவிலும் அந்த 9 பிடியை முதலில் வெட்டிப் போட்டு, அவன் சட்டை எண்ணைத் தனியாக எழுதி அனுப்புங்கள், இல்லாவிட்டால் பார்க்கிறவர் கார்னரைத்தான் பார்ப்பார்.

பி.டி. டீச்சர், ராமநாதபுரம்:

ஞாயிறு காலை 6 மணிக்கு இரண்டு பையன்களையும் மாவட்ட மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள் ஐயா. என் கல்லூரிப் பையன்கள் மேட் விரிப்பார்கள், அவர்களில் உங்கள் பையனுக்குப் பழக்கமில்லாத கார்னர் நான்கு பேர் இருக்கிறார்கள், மாற்றி மாற்றி நிறுத்திப் பார்க்கலாம். ஷூ இல்லையென்றால் அளவு சொல்லுங்கள், கொண்டுவருகிறேன். கார்னர் பையனை விட்டுவிட்டு வராதீர்கள், அந்த 17 தவறும் எங்கே நடக்கிறது என்று அவனுக்கும் காட்ட வேண்டும்.