கட்டுரைப் போட்டிக்கு ஊரைச் சேர்த்த கதை – சேலத்துக்காரர்கள் பகிருங்கள்

செவ்வாய்ப்பேட்டை டீச்சர்:

பள்ளியில் கட்டுரைப் போட்டி வைக்கிறோம், அக்கம்பக்கத்து ஆட்களை எப்படிச் சேர்ப்பது என்று பலரும் கேட்கிறீர்கள். எங்களுக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

ரசீதுப் புத்தகத்தோடு கடை ஏறாதீர்கள். லீ பஜாரிலும் எங்கள் பேட்டையிலும் கடை வைத்திருப்பவர்களிடம் அன்னதானம், கபடிப் போட்டி, கும்பாபிஷேகம் என்று யாராவது வந்து நின்றுகொண்டேதான் இருப்பார்கள், ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த வரிசையில் நாமும் போய் நின்றால் நூறோ இருநூறோ கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அத்தோடு சரி. போட்டி எந்தத் தேதி என்றுகூட அவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

நாங்கள் கேட்டது அவர்களுடைய நேரத்தை. எட்டாம் வகுப்புக்குத் தலைப்பே 'எங்கள் தெருவில் கொலுசு எப்படி உருவாகிறது' என்பதுதான். பிள்ளைகள் உங்கள் பட்டறைக்கு வந்து பார்க்கலாமா, கேட்பதற்குப் பதில் சொல்வீர்களா, அவ்வளவுதான் வேண்டும் என்றோம். வெள்ளி புழங்கும் இடத்தில் கூட்டமாக விட முடியாதம்மா என்று ஒரு பட்டறைக்காரர் தயங்கினார், அது நியாயமான பயம். இரண்டிரண்டு பேராக அனுப்புகிறோம், கூடவே ஒரு அம்மாவும் வருவார் என்றதும் ஒத்துக்கொண்டார். உருக்குபவர் ஒருவர், கம்பி இழுப்பவர் ஒருவர், துண்டுகளைப் பற்றவைத்து ஒட்டுபவர் வேறொருவர், மெருகு போடுவது இன்னொரு வீட்டில் என்று ஒரு கொலுசு எத்தனை கை மாறுகிறது என்பது அதே தெருவில் வளர்ந்த பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கவில்லை. பட்டறையைப் பெருக்கிய குப்பையை ஏன் டப்பாவில் போட்டு மூடுகிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். அவர் அதில் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் காட்டி, இந்தத் தூசிக்குள்ளேயும் வெள்ளி இருக்கிறது, சேர்த்து வைத்து விற்போம், இதை வாங்கிப் பிரித்தெடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவள் கட்டுரை அந்தக் குப்பை டப்பாவில்தான் தொடங்கியது. நடுவர்கள் அதற்குத்தான் முதல் பரிசு கொடுத்தார்கள்.

பரிசளிப்பு அன்று கட்டுரையை வாசிக்க வைத்தோம். அந்தப் பட்டறைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் நாங்கள் யாரிடமும் பணம் கேட்கவேண்டியே வரவில்லை. ஜெயித்தவர்களுக்குத் தமிழ் அகராதி வாங்கித் தருகிறேன் என்று அவரே முன்வந்தார், பக்கத்துக் கடைக்காரர் வந்தவர்களுக்கெல்லாம் தட்டுவடை செட் கொடுத்தார்.

முக்கியமாக ஒன்று. இதைத் தலைமையாசிரியரும் தமிழாசிரியரும் மட்டும் தோளில் சுமக்க வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அமைகிற பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம், எந்த நேரத்தில் போனால் ஆள் இருப்பார் என்று அந்த அம்மாக்களுக்குத் தெரிகிற அளவு நமக்குத் தெரியாது. குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள், பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

செலவு முழுக்க ஏற்றுக்கொள்கிறேன், பேனரில் என் படம் பெரிதாக வரவேண்டும் என்று ஒருவர் வந்தார். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டோம். உதவியவர்கள் பெயரை அகர வரிசையில், தொகை போடாமல் அச்சடித்தோம். அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

மலைப்பாதை (ஏற்காடு):

டீச்சர் சொன்னது மலைக்கும் பொருந்தும், ஆனால் இங்கே முதலில் பார்க்க வேண்டியது காலம். நவம்பரில் ஆரம்பித்து ஜனவரி வரைக்கும் காப்பிப் பழம் பறிக்கிற நேரம். வீட்டுப் பெரியவர்கள் விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள், நீங்கள் எந்தக் கூட்டம் போட்டாலும் ஆள் வராது. நாங்கள் ஆகஸ்டில் வைத்தோம்.

மலையாளிப் பழங்குடி (கேரளத்துக்காரர்கள் அல்ல, இந்த மலையிலேயே வாழ்பவர்கள்) ஊர்களில் வீடு வீடாகப் போகும் முன் ஊர்ப் பெரியவரைப் போய்ப் பாருங்கள். அவர் சரி என்றால் ஊரே சரி. எங்கள் தலைப்பு, காப்பி வருவதற்கு முன் இந்த மலையில் என்ன விளைந்தது என்பது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்று புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால் சாமையும் கேழ்வரகும் எந்தச் சரிவில் போட்டார்கள், தானியத்தை எதில் சேமித்தார்கள் என்பதெல்லாம் தாத்தா பாட்டியிடம்தான் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, பள்ளிக்கூடத்து வேலைக்கு என்னிடம் வந்து கேட்கிறார்களே என்று பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து ராத்திரி வெகுநேரம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்தப் பையன் வகுப்பில் வாயே திறக்காதவன், பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுவந்தான்.

அதனால் நடுவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், கையெழுத்து அழகுக்கும் அலங்கார நடைக்கும் மதிப்பெண் வேண்டாம், நேரில் கேட்டு எழுதியதற்குக் கொடுங்கள் என்று. இல்லையென்றால் வழக்கமாகப் பரிசு வாங்குகிற பிள்ளைகளே மறுபடி வாங்குவார்கள். பரிசளிப்பை மதியமே முடித்துவிட வேண்டும், சாயங்கால பஸ்ஸை விட்டால் பல ஊர்களுக்கு வேறு வண்டி கிடையாது. ஒரு எஸ்டேட்காரர் தூரத்து ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிவர ஜீப் அனுப்பினார், எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய உதவி அதுதான்.

தறிக்காரர் மகன் (அம்மாப்பேட்டை):

நடுவர்களுக்கு எங்கே போவது என்று யோசிப்பவர்களுக்கு: பக்கத்து நூலகத்தின் வாசகர் வட்டத்தைக் கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கியில் இருந்தவர்கள் என்று நிறையப் படிப்பவர்கள் இருப்பார்கள், வெளியாட்கள் திருத்தினால் டீச்சருக்குப் பிடித்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சும் வராது.

இன்னொன்றும் செய்தோம். பரிசு வாங்கியது, வாங்காதது எல்லாக் கட்டுரைகளையும் ஜெராக்ஸ் எடுத்துத் தைத்து, பேட்டி கொடுத்த ஒவ்வொரு தறி வீட்டுக்கும் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் சொன்னோம். பாவு ஓட்டுகிற, அதாவது தறிக்கு நீளவாட்டு நூலைத் தயார் செய்கிற ஒரு அக்கா தன்னைப் பற்றிய பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அச்சு பிணைக்கிறதை, பழைய பாவு நூலோடு புது நூலை இணைக்கிறதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, நாளைக்கு வாங்க சொல்கிறேன் என்றார். தாள் மட்டும் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம், ஜெராக்ஸ் கடை அண்ணன் பிரதி எடுத்ததற்குக் காசு வாங்கவில்லை. தேர்வு நேரத்தில் அவர் கடையில் கூட்டம் அலைமோதும், அதனால் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.