கிரைண்டர் பிடித்த பிறகு கண் உறுத்துது, என்ன சொட்டு மருந்து விடலாம்? அவசரம்

கோண்டாவில்_பொடியன்:
வணக்கம். நேற்றுப் பின்னேரம் பட்டறையில் நிற்கும்போது கண்ணுக்குள் ஏதோ பட்டது. தண்ணி அடித்துக் கழுவியும் போகவில்லை. இரவு நித்திரை இல்லை, இப்ப சிவந்து தண்ணி ஓடுது. மருந்துக்கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்கலாம்? முதலாளி இன்றைக்கு லீவு தரமாட்டார், லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) வேலை ஒன்று முடித்துக் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கோ.

சுன்னாகம்_ஒட்டுக்காரன்:
தம்பி, இது வெல்டிங் வெளிச்சம் அடித்தது. எனக்கு எத்தனையோ தரம் வந்திருக்கு. உருளைக்கிழங்கை மெல்லிசாக வெட்டிக் கண்மேல் வைத்துக்கொண்டு படு, விடிய மாறிவிடும்.

வலிவடக்கான்:
அவர் வெல்டிங் என்று எங்கே சொன்னார்? ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? எதைத் தீட்டினீர்கள்? வெட்டும் தட்டா, தேய்க்கும் தட்டா, கம்பி பிரஷா? கண்ணாடி போட்டிருந்தீர்களா? இதொன்றும் இல்லாமல் மருந்துப் பெயர் கேட்டால் யார் சொல்வது?

பழைய_சக்:
இந்தக் காலத்துப் பொடியங்களுக்கு கிரைண்டரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. பொறி தனக்கு எதிர்ப்பக்கம் போகிற மாதிரி நிற்கவேண்டும். நாங்கள் கண்ணாடி போட்டா லேத் பழகினோம்? காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் துகள் தானாக வரும்.

அச்சுவேலி_அம்மா:
தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் குளிரும் மகன். என் தம்பிக்கு அப்படித்தான் மாறியது.

கண்வாட்டுத்_தாதி:
தயவுசெய்து உருளைக்கிழங்கும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம், காந்தமும் வேண்டாம். கிரைண்டர் பொறி சூடாக வந்து கருவிழியில் ஒட்டிக்கொள்ளும். காந்தத்துக்கு அதைப் பிடுங்குகிற பலம் இல்லை. பட்டது தட்டின் கல்லு என்றால் காந்தம் இழுக்கவே இழுக்காது, எவர்சில்வரிலும் பல வகை அப்படித்தான். இரும்பு ஒருநாள் கிடந்தாலே சுற்றிவரத் துரு வளையம் பிடிக்கும், துகளை எடுத்த பிறகும் அந்தத் துருவைத் தனியாகச் சுரண்டவேண்டி வரும்.

மருந்துக்கடைச் சொட்டு பற்றி: ஸ்டீராய்ட் கலந்ததை யாராவது தந்தால் சிவப்புக் குறையும், ஆனால் உள்ளே புண்ணில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அது மோசமாகும். மரக்கச் செய்கிற சொட்டும் வீட்டில் விடுகிற சாமான் இல்லை, திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது. கேட்பதற்குப் பதில் சொல்லுங்கோ தம்பி: ஒரு கண்ணா? பார்வை மங்கலா? சுத்தியலால் ஏதாவது அடித்தீர்களா?

சுன்னாகம்_ஒட்டுக்காரன்:
சுத்தியலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

கண்வாட்டுத்_தாதி:
நிறைய இருக்கு அண்ணை. பொறி பெரும்பாலும் மேலேதான் ஒட்டும். இரும்பில் இரும்பு அடிக்கும்போது தெறிக்கிற சில்லு வேகத்தில் கண்ணைத் துளைத்துக்கொண்டே உள்ளே போய்விடும், வெளியே ஊசிக் குத்து அளவு காயம்தான் தெரியும், சிலருக்கு நோவே இருக்காது. கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டிருந்தால் கழுவவும் கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. கண்ணில் முட்டாமல் ஒரு காகிதக் கோப்பையால் மூடிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. வெல்டிங் வெளிச்சம் என்றால் ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் நோகத் தொடங்கும், அநேகமாக இரண்டு கண்ணும். இவருக்குப் பட்ட உடனேயே தெரிந்திருக்கு.

கோண்டாவில்_பொடியன்:
வலது கண் மட்டும். தேய்க்கும் தட்டு. இரும்புப் பின் (ஆணி மாதிரிச் சொருகுகிற துண்டு) ஒன்று இறுகிப்போய்க் கிடந்தது, தலையைத் தீட்டிவிட்டுச் சுத்தியலால் அடித்துக் கழற்றினேன். என் மூக்குக்கண்ணாடிதான் போட்டிருந்தேன். கொஞ்சம் மங்கல்.

வலிவடக்கான்:
இதைத்தானே முதலே எழுதியிருக்கவேண்டும்! லாண்ட்மாஸ்டர் கிடக்கட்டும், வெளிக்கிடு. பெரியாஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கு. போக ஆளில்லை என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அடி, காசு இல்லை. மூக்குக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி இல்லை, பக்கவாட்டு முழுக்கத் திறந்து கிடக்கும். இசட்87 என்றோ ஈஎன்166 என்றோ பாதுகாப்புத் தர இலக்கம் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

பழைய_சக்:
கையுறையும் போட்டிருக்க மாட்டான்.

கொக்குவில்_டெக்:
ஐயா, எல்லாவற்றுக்கும் கையுறை என்று சொல்லாதீர்கள். லேத்திலும் ட்ரில் மெசினிலும் கையுறை போட்டால் விரலோடு சேர்த்து இழுத்துவிடும். டெக்கில் (தொழில்நுட்பக் கல்லூரியில்) முதல் வகுப்பிலேயே சொல்வார்கள்.

பழைய_சக்:
லேத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறீரோ? நான் சொன்னது கைக் கிரைண்டருக்கு. அதற்குத் தோல் கையுறை போடலாம். லேத்தில் கையுறையும் இல்லை, நீளக் கை சேர்ட்டும் இல்லை, தொங்குகிற சாரமும் இல்லை. அதைவிடக் கேடு எமரிச் சீலையை (இரும்பைத் தேய்த்து மினுக்குகிற சீலை) ஓடுகிற தண்டில் விரலால் சுற்றிப் பிடிப்பது. சீலை ஒருக்கால் தண்டில் சுருண்டு இறுகினால் விரலை எடுக்க நேரம் இராது. கீற்றாக வெட்டி இரண்டு நுனியையும் விரலில் சுற்றாமல் பிடி, இல்லை அரத்தில் வைத்து அமத்து. சக்கை (வேலைத்துண்டைப் பிடிக்கிற தலை) இறுக்குகிற சாவியை அதிலேயே விட்டுவிட்டு மெசினைப் போடுகிறவனை நான் பட்டறைக்குள்ளேயே விடமாட்டேன்.

கொக்குவில்_டெக்:
இதில் சண்டை இல்லை. ஆனால் கண்ணாடி இல்லாமல் பழகினோம் என்று பெருமையாக எழுதினால் பொடியங்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

பழைய_சக்:
வேர்வையில் மூடுபனி பிடிக்கும். மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு எழுதும்.

வலிவடக்கான்:
காற்றோட்டத் துளை வைத்தது வருது ஐயா. அதற்கு மேல் முகக் கவசமும் போட்டால் இன்னும் நல்லது. 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே கண் பாதுகாப்பு இருக்கு, வாங்கிக் கொடுக்கவேண்டியது முதலாளி.

சுன்னாகம்_ஒட்டுக்காரன்:
இரண்டு பேர் வேலை செய்கிற பட்டறையில் சட்டமோ? நல்ல கதை.

தீவுப்பக்கம்:
இன்னொன்றும் பாருங்கோ, ஏழு அங்குலத் தட்டை நாலு அங்குல மெசினில் கவசத்தைக் கழற்றிவிட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன மெசின் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும், பெரிய தட்டில் 8,500 போலத்தான் அனுமதி என்று அச்சடித்திருக்கும். அது உடைந்தால் கண்ணோடு நிற்காது. ஆள் போனாரா?

கோண்டாவில்_பொடியன்:
போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. மேலே ஒட்டியிருந்ததை ஊசியால் எடுத்துவிட்டார்கள், துரு கொஞ்சம் மிச்சம், திரும்ப வரச் சொன்னார்கள். களிம்பு தந்திருக்கு. நன்றி எல்லோருக்கும்.

கண்வாட்டுத்_தாதி:
சந்தோஷம். களிம்பை இடையில் நிறுத்தாதீர்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்ப போட்டது என்றும் கேட்டுக்கொள்ளுங்கோ.

சுன்னாகம்_ஒட்டுக்காரன்:
தம்பி, பின் கழன்றதா?

தீவுப்பக்கம்:
அந்தத் துளை வைத்த கண்ணாடி யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் எடுக்கலாம்? ஸ்டான்லி வீதியில் கேட்டேன், வெயில் கண்ணாடியைக் காட்டுகிறார்கள்.